கம்பஸில் ஓர் இசையாக்குநர்: வாசகர் கேள்வி – பதில்

மேலைத்தேயச் சமகால இசையாக்குநர் ஒருவரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இசைத்துறையில் சில வாரங்கள் தங்கவைத்து, மாணவரோடு புதிய ஆக்கம் ஒன்றைச் செய்விப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

*வந்து தங்குகிறவர் என்னதான் செய்வார்? வகுப்பு எடுப்பாரா, கச்சேரி வைப்பாரா? எவ்வளவு காலம் வேண்டும்?*
— பெற்றோர் ஒருவர், இணுவில்

அவருக்கு மூன்று வேலை. அங்கே இருக்கும் குரல்களுக்கும் வாத்தியங்களுக்கும் புதிதாக ஒன்றை எழுத வேண்டும். அந்த எழுத்து வேலையை மாணவர் பார்க்கச் செய்ய வேண்டும். எதை வெட்டினார், ஏன் வெட்டினார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாணவர் எழுதியதைக் கேட்டுத் திருத்தமும் சொல்ல வேண்டும். வகுப்பும் கச்சேரியும் இந்த மூன்றையும் ஒட்டித்தான் வரும்.

மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகத்துக்கு வெளியூர் வித்துவான்கள் வருவது புதிதல்ல. மகாராஜபுரம் சந்தானமும் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அங்கே அதிபர்களாக இருந்தவர்கள். மறுபக்கம், மிருதங்க வித்துவான் ரங்கநாதன் 1963 இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களெல்லாம் தங்களிடம் இருந்த பாடாந்தரத்தை, குருவழி வந்த பாடத்தை, கொடுக்கப் போனவர்கள். வதிவிட இசையாக்குநர் வெறுங்கையோடு வர வேண்டியவர். முழுதும் எழுதி முடித்த கட்டொன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குகிறார் என்றால் அது வதிவிடம் அல்ல, கச்சேரி ஒப்பந்தம்.

காலம் ஆறு வாரம். முதல் இரண்டு வாரமும் அவர் ஒரு ஸ்வரமும் எழுதக்கூடாது. வகுப்புகளில் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்கட்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில் துண்டு துண்டாக எழுதி, அன்றன்றே 20 நிமிடம் வாசிப்பித்துப் பார்க்கலாம். ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் எல்லோருடைய பிரதியும் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிந்தினால் ஆறாம் வார மேடையில் பிள்ளைகள் தாளைப் படிப்பார்கள், வாசிக்கமாட்டார்கள். நான்கு வாரத்துக்குக் குறைந்த வருகை என்றால் புது ஆக்கம் கேட்காதீர்கள். இருக்கும் ஒன்றை மாற்றியமைக்கச் சொல்லுங்கள்.

ஒத்திகைக்கு எங்கள் கணக்கு ஒரு நிமிட இசைக்கு இரண்டு மணித்தியாலம். பத்து நிமிட ஆக்கம், பன்னிரண்டு பேர் என்றால் தந்தி வாத்தியங்கள் தனியே ஒன்றரை மணித்தியாலமாக மூன்று தடவை, தாள வாத்தியங்கள் அதே மாதிரி மூன்று தடவை, எல்லோரும் சேர்ந்து இரண்டிரண்டு மணித்தியாலமாக ஆறு தடவை. மொத்தம் 21 மணித்தியாலம். இதில் கைவைத்துத்தான் எல்லோரும் நேரம் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

மாதத்தைத் தெரிவுசெய்யும்போது கோயில் நாட்காட்டியைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் நாதஸ்வர, தவில்காரரை வளாகத்தில் தேட வேண்டாம். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஈரத்தில் மிருதங்கத் தோல் இளகி, ஒத்திகையில் பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போகும். தைப் பொங்கல் கழிந்து தொடங்கி மாசிக்குள் முடிப்பது நல்லது.

*இசையாக்குநர் மேலைத்தேய முறையில் ஐந்து கோட்டில் எழுதுவார். எங்கள் பிள்ளைகள் ஸ, ரி, க என்ற ஸ்வரக் குறிப்பில் படித்தவர்கள். ஒன்றை மற்றதாக மாற்ற யாரை வைப்பது, எப்படி மாற்றுவது?*
— இசை ஆசிரியை, கோண்டாவில்

மாற்றுவதற்குத் தனியாக ஒருவர் வேண்டும். அதை இசையாக்குநரின் தலையில் போடாதீர்கள். மேலைத்தேய சங்கீதமும் படித்த ஓர் உதவி விரிவுரையாளரோ இறுதியாண்டு மாணவரோ போதும்; ஆனால் அவருக்கு அந்த ஆறு வாரமும் வேறு வேலை கொடுக்கக்கூடாது.

முதலில் ஸட்ஜத்தை, அதாவது ஆதார ஸ்வரமான ‘ஸ’ எந்தச் சுருதியில் என்பதை, தீர்மானியுங்கள். அந்தச் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி. ஆக்கம் முழுவதற்கும் ஸட்ஜம் ஒன்றே. நடுவில் அவர் சுருதி மாற்றி எழுதினாலும் நீங்கள் ஸட்ஜத்தை நகர்த்தாமல் ரி1, ரி2 என்று ஸ்வரபேதமாகவே எழுதுங்கள்.

இங்கேதான் பெரிய இடறல் வரும். ஸட்ஜம் சி என்று வைத்து அவர் சி மேஜரில் தொடங்குகிறார்: பிள்ளைகள் காதுக்குச் சங்கராபரணம். பிறகு ஜி மேஜருக்குப் போகிறார். அவருக்கு அது புது வீடு, ஜி யில் வந்து நின்றால் வீடு சேர்ந்தாயிற்று. பிள்ளைகளுக்கோ சுத்த மத்திமம் (ம1) போய்ப் பிரதி மத்திமம் (ம2) வந்துவிட்டது, அவ்வளவுதான், அது கல்யாணி. உடனே கல்யாணியின் அசைவுகள் கையில் தாமாகவே விழும். அவர் ‘முடிந்தது’ என்று நிறுத்தும் இடம் இவர்களுக்குப் பஞ்சமத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். சுருதிப் பெட்டியும் பக்கத்தில் பாடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே அப்படிப்பட்ட பகுதிகளில் சுருதிப் பெட்டியை நிறுத்துங்கள். இடமாற்றம் பதினாறு பாருக்கு (மேலைத்தேயத் தாளப் பிரிவுக்கு) மேல் நீடித்தால் மட்டும் தாளில் கோடு போட்டு ‘இங்கிருந்து ப = ஸ’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது இடறல் மௌனம். எங்கள் குறிப்பில் காற்புள்ளி போட்டால் முன்னைய ஸ்வரம் நீள்கிறது என்று அர்த்தம். அவர் எழுதும் ஓய்வுக்கு எங்களிடம் வழக்கமான குறி கிடையாது. ஓய்வுக்கும் காற்புள்ளியே போட்டுவிட்டால் அவர் வெறுமையாக விட்ட இடமெல்லாம் நீட்டலால் நிரம்பிவிடும். மௌனத்துக்கு ஒரு × குறியைப் பிடித்து, தாளின் தலைப்பிலேயே விளக்கம் எழுதுங்கள்.

மூன்றாவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது. ஐந்து கோட்டில் கமகம் இல்லாவிட்டால் அசைக்காமல் வாசி என்பது அவர் கணக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு, குறிப்பில் கமகம் எழுதாதது வழமை. அசைப்பது ராகம் தெரிந்தவர் பொறுப்பு. இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லாமல் விட்டால் சாதாரண காந்தாரம் எனப்படும் க2 இல் தோடி ராகத்தின் கம்பித அசைவு வந்து விழும். அசைக்க வேண்டிய இடத்தில் ~, ஏற்ற ஜாருவுக்கு (மேலே வழுக்கிப் போவதற்கு) /, இறக்க ஜாருவுக்கு \, அசைவே வேண்டாத இடத்தில் ஸ்வரத்தின் மேல் சிறு கோடு என்று நான்கு குறி போதும். இதைவிட நுட்பம் வேண்டுமென்றால் சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் கமகக் குறிகளை இசையாக்குநருக்குக் காட்டுங்கள். அதைக் கண்ட பிறகு அவரே குறி போட்டு எழுதத் தொடங்கக்கூடும்.

தாளக் கணக்கைத் தாள வாத்தியக்காரரோடு இருந்து செய்யுங்கள். அவர் 7, 8, 5 என்று மாறி மாறி வரும் பார்களை எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். பாரில் எண்ணும் எட்டிலொரு பங்கு ஸ்வரத்தை ஒரு மாத்திரையாக எடுத்தால் மொத்தம் 20 மாத்திரை. அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) இரண்டு மாத்திரை என்றால் பத்து அட்சரம். மிச்ர ஜாதி ஜம்பை தாளத்தில் சரியாக ஓர் ஆவர்த்தனம், ஒரு முழுச் சுற்று. இரண்டாவது பார் மூன்றரை அட்சரம் தள்ளி எடுக்கிறது, மூன்றாவது ஏழரை தள்ளி, அனுதிருதம் என்னும் ஓர் அட்சர அங்கத்தின் நடுவில். மேலைத்தேய மாணவர் விரல் மடித்து எண்ணும் இடத்தை எங்கள் மிருதங்க மாணவர் ஒரு கோர்வையாக, கட்டிய தாளக் கோலமாக, பிடித்துவிடுவார். ஆனால் இது ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால்தான். பார் அளவு ஒவ்வொரு வரிக்கும் மாறினால் தாளத்துக்குள் திணிக்காமல் முன்னால் கைகாட்டி நடத்துபவரைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள்.

நேர மதிப்பீட்டுக்கு: நிமிடத்துக்கு 60 அட்சரம் என்றால் ஆதி தாள ஆவர்த்தனம் 8 செக்கன், பத்து நிமிடத்துக்கு 75 ஆவர்த்தனம். பார் எண்ணோடு ஆவர்த்தன எண்ணையும் தாளில் போடுங்கள். ‘43 ஆம் ஆவர்த்தனத்திலிருந்து’ என்றால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள்.

அச்சிட மியூஸ்ஸ்கோர் மென்பொருள் இலவசம். ஐந்து கோட்டில் ஸ்வரத்தை இட்டு, கீழே பாடல்வரி எழுதும் இடத்தில் ஸ, ரி, க என்று தமிழிலேயே தட்டலாம். ஒரே தாளில் இரண்டும் இருப்பதால் ஒத்திகையில் வாக்குவாதம் குறையும். ஏ4 வேண்டாம், ஏ3 அச்சு. பிள்ளைகள் நிலத்தில் சம்மணமிட்டு இருப்பவர்கள். சாதாரண தாள்தாங்கி அவர்கள் கண்மட்டத்துக்கு ஒத்துவராது, நிலத்தில் விரிக்கத்தான் வேண்டும். மின்விசிறிக்குப் பறக்காமல் நான்கு மூலைக்கும் கிளிப். பார்வை கீழே இருப்பதால் கைகாட்டுபவர் எழுந்து நின்றால் அவரைக் காணமாட்டார்கள். அவரும் ஒரு தாழ்ந்த பலகையில் இருக்கட்டும்.

*என் வயலின் பாட்டுக்காரரின் சுருதிக்குக் கட்டியிருக்கிறது. இசையாக்குநர் தந்த பிரதியில் இரட்டைத் தந்திகளை ஒன்றாக வாசிக்கும் இடங்கள் வருகின்றன, விரல் எட்டவில்லை. பிழை யாருடையது?*
— வயலின் மாணவி, மருதனார்மடம்

உங்களுடையது அல்ல. அவர் ஜி-டி-ஏ-ஈ என்று கட்டிய வயலினை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். ஐந்து கட்டைக்கு ஸ-ப-ஸ-ப என்று கட்டினால் உங்கள் வயலின் ஜி-டி-ஜி-டி. மேலுள்ள இரண்டு தந்தியும் ஒவ்வொரு முழு ஸ்வரம் இறங்கி நிற்கின்றன. பக்கத்துத் தந்திகளுக்கிடையே ஐந்தாம் (ஸ-ப), நான்காம் (ப-மேல் ஸ), ஐந்தாம் இடைவெளிகள். அவருடைய வயலினில் எல்லாமே ஐந்தாம் இடைவெளி. ஆகவே நடுத் தந்திகளில் அவர் எழுதிய கைப்பிடிகள் பொருந்தா.

அவரிடம் கேட்க வேண்டியது: உங்கள் கட்டுக்கே எழுதட்டும். உங்கள் வயலினில் திறந்த தந்திகள் நான்கும் ஸட்ஜ பஞ்சமமாகவே ஒலிப்பது அவருக்குப் புதிய வசதி. நீங்கள் ஏ-ஈ க்கு ஏற்றி வாசிக்க இணங்கினால் பழகிய விரலிடம் எல்லாம் மாறும். மெல்லிய தந்தியை அவசரமாக ஏற்றினால் அறுந்தும் போகும். நிலத்தில் இருந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் உங்கள் முறையில் நீண்ட ஜாரு இலகு. முதல் வாரத்திலேயே உங்கள் தந்திகளின் பெயர், இலகுவான பிடிகள், முடியாத பிடிகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.

கீபோர்ட்டும் சேர்ந்தால் வேறொரு சிக்கல். தம்புராவோடு பாடும் அந்தர காந்தாரம் (க3), கீபோர்ட்டின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்வு. ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு. இரண்டும் நீளமாக ஒலித்தால் நடுக்கம் கேட்கும், பாடுகிறவர் தான் பிழை என்று நினைத்து மேலே ஏற்றுவார். பாட்டு வரும் இடங்களில் கீபோர்ட் ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடிக்கட்டும்.

வீணைக்கு ஒரு வரி: தண்டியில் விரல் அழுத்தும் உலோக மெட்டுகள் மெழுகில் இருப்பதால் ஒத்திகைக்கு வரும் வழியில் வாகனத்துக்குள் வெயிலில் விடாதீர்கள்.

*நாதஸ்வரமும் தவிலும் இப்படியான ஆக்கத்தில் சேருமா? சேர்த்தால் மற்றவர்களை மூடிவிடும் என்கிறார்கள்.*
— ஒரு கலைஞர் குடும்பத்தவர், அளவெட்டி

மூடும். வீதியில் ஒலிக்கச் செய்த வாத்தியங்கள் அவை. ஆனால் அதற்காக ஒதுக்கினால் யாழ்ப்பாணத்துக்கு வந்து தங்கியதன் பயனே பாதி போய்விடும். தவிலில் தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வரத்தில் அளவெட்டி பத்மநாதனும் வாசித்த மண் இது. இசையாக்குநர் முதல் வாரத்தில் கேட்க வேண்டிய ஒலிப்பதிவுகளும் அவைதான்.

ஒன்றாக வாசிப்பதைக் குறைத்து மாறி மாறி வாசிக்க எழுதச் சொல்லுங்கள். ஒன்றாக வரும் இடத்தில் நாதஸ்வரம் மேடையில் வேண்டாம். மண்டபத்தின் பின்வாசலிலோ பக்க விறாந்தையிலோ நிற்கட்டும். ஒலிவாங்கிகளை வீணைக்கும் வயலினுக்கும் கொடுங்கள், தவிலுக்கு வேண்டாம். கைலாசபதி கலையரங்கம் போன்ற பெரிய மண்டபத்தில் பின்னிருந்து வரும் ஒலி சற்றுப் பிந்தி மேடையை எட்டும்; தூரம் 17 மீற்றர் என்றால் ஏறக்குறைய செக்கனில் இருபதில் ஒரு பங்கு. விரைந்த நடையில் அது நன்றாகத் தெரியும். அங்கே தாளம் இறுக்கமில்லாத, நீண்ட பிடிகளையே எழுத வேண்டும்.

சுருதி இன்னொரு விடயம். நீளமான பாரி நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். கீழ்த் துளைகளில் மெழுகு வைத்தும் ஊதும் சீவாளியை மாற்றியும் சற்றுத் திருத்தலாம், ஆனால் ஐந்து கட்டைக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே நாதஸ்வரம் உண்டென்றால் ஆக்கத்தின் ஸட்ஜத்தை அதுதான் தீர்மானிக்கிறது, மற்றவர்கள் அதற்கு இறங்க வேண்டும். ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய பெண்பிள்ளைகளுக்கு இது சங்கடம். அவர்களுக்கு மத்திமத்தை ஸட்ஜமாக வைத்து, மத்திம சுருதியில் எழுதலாம்.

தவில் மிருதங்கம்போல ஸட்ஜத்துக்குச் சேர்ப்பதல்ல, அதனால் சுருதிப் பிரச்சினை இல்லை. கலைஞர் விரற்கூடு மாட்டி விரலைப் பழக்க எடுக்கும் நேரத்தை ஒத்திகைக் கணக்கில் சேருங்கள். ‘உடனே இரண்டு ஆவர்த்தனம் வாசித்துக் காட்டுங்கோ அண்ணை’ என்று கேட்பது மரியாதையும் அல்ல. நாதஸ்வரக்காரருக்கும் சீவாளி நனைந்து பதம் வர அவகாசம் கொடுங்கள். எழுதும்போது ஒரு மூச்சுக்குப் பிறகு இடம் விட வேண்டும். தனியாக நீண்ட நேரம் வாசிப்பார்களே என்று கேட்பீர்கள். கோயிலில் இரண்டாவது நாதஸ்வரம் மாறி எடுத்துக்கொள்கிறது.

*முதல் நாளே எல்லோரும் சேர்ந்து வாசிக்க ஏதாவது உண்டா? நான் எழுதியதையும் அவருக்குக் காட்ட ஆசை.*
— மூன்றாம் வருட மாணவன், திருநெல்வேலி

தம்பி, அமெரிக்க இசையாக்குநர் டெரி ரைலி 1964 இல் எழுதிய ‘இன் சி’ இருக்கிறது. 53 சிறு ஸ்வரப் பிடிகள். எந்த வாத்தியமும் வாசிக்கலாம், எத்தனை பேரும் சேரலாம். ஒவ்வொருவரும் தான் விரும்பிய தடவை ஒரு பிடியைத் திருப்பி வாசித்து அடுத்ததுக்குப் போக வேண்டும். மற்றவர்களை விட்டு இரண்டு மூன்று பிடிக்கு மேல் விலகக்கூடாது. ஒருவர் மேல் ஸட்ஜத்தை ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருப்பார். முதற் பத்துப் பிடிகளை மட்டும் எடுங்கள். அவற்றில் வருவது பெரும்பாலும் ஸ, க3, ம1, ப, நி3, அதாவது கம்பீரநாட்டை ராகம். சுவாமி புறப்பாட்டில் அதே ராகத்து நாதஸ்வர மல்லாரி கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கை தானாக மல்லாரிப் பக்கம் போகும். முதல் சுற்றில் போகவிடுங்கள், இரண்டாம் சுற்றில் எழுதியபடி. இசையாக்குநருக்கு உங்கள் எல்லோரைப் பற்றியும் அரை மணித்தியாலத்தில் நிறையத் தெரிந்துவிடும்.

உங்கள் சொந்த ஆக்கம் இரண்டு நிமிடம், மூன்று நான்கு வாத்தியம், ஒரு பக்கம். கீபோர்ட்டில் போட்டுக் காட்டாதீர்கள்; நண்பர்களை இருத்தி வாசித்துக் கைபேசியிலாவது பதிந்து கொண்டுபோங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்று வரும், அது பிரயோசனமில்லை. ‘இந்த 12 ஆவது ஆவர்த்தனத்தில் வீணை கேட்கவில்லை, என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே திருத்தி மறுவாரம் திரும்பக் காட்டுங்கள்.

*எழுதிய ஆக்கம் யாருக்குச் சொந்தம்? பிறகு நாங்கள் வாசிக்கலாமா, யூடியூப்பில் போடலாமா?*
— விரிவுரையாளர் ஒருவர்

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கத்தின் உரிமை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும். வாசித்தவர்களுக்கும் தங்கள் வாசிப்பில் தனி உரிமை உண்டு. தவில் கலைஞர் தானே கட்டிய கோர்வையொன்று ஆக்கத்தின் நடுவில் இருந்தால் அந்தப் பகுதி யாருடையது என்பது வம்பாக மாறக்கூடும். ஆகவே அவர் வந்து இறங்கும் முன்பே ஒரு பக்க உடன்படிக்கை எழுதுங்கள்: பீடம் பணம் கட்டாமல் எத்தனை வருடம் வாசிக்கலாம், ஒலிப்பதிவை எங்கே போடலாம், கலைஞர் தந்த பகுதிகளுக்குப் பெயர் எப்படி இடப்படும், பிரதி எடுக்க யார் அனுமதிப்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறப்பது. அது இல்லாவிட்டால் அடுத்த வருட மாணவருக்குப் போட்டோப்பிரதி எடுக்கவும் கடிதம் எழுத வேண்டிவரும்.

கச்சேரி முடிந்த கிழமையே நூலகத்தில் சேர்க்க வேண்டியவை: திருத்தங்கள் ஏறிய முழுப் பிரதி, ஒவ்வொரு வாத்தியத்தின் ஏ3 தாள்களும் பென்சில் குறிப்புகளோடு, மென்பொருள் கோப்பு, ஸட்ஜமும் வயலின் கட்டும் எழுதிய தாள், இறுதி ஒத்திகையின் ஒலிப்பதிவு. கச்சேரிப் பதிவில் கைதட்டலும் கைபேசி மணியும் இருக்கும். மறுபடி பயில்பவருக்கு ஒத்திகைப் பதிவே உதவும்.